வெளிநாட்டில் படித்து வந்த பிள்ளையும் நம் வார்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, உங்க இங்கிலாந்து அனுபவத்தைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அங்கே குளிர் அதிகம், சம்பளத்தில் பாதி வரிக்கும் வாடகைக்கும் போகும் என்பதைத் தவிர அதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆகவே அவர் அனுமதியோடு தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு நம்ம ஊருக்குத் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் போங்கள், விருத்தாசலம் போங்கள், காட்டுமன்னார்கோவில் போங்கள். "பையன் ரஷ்யாவில படிக்கிறான் சார்", "பொண்ணு ஜார்ஜியாவில மூணாவது வருஷம் சார்" என்று சொல்கிற தகப்பனாரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையனும் பெண்ணும் திரும்பி வந்தபின் என்ன ஆகிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

நம் ஆட்களின் பேச்சு எனக்குத் தெரியும். "காசு கொடுத்து வாங்கின பட்டம்பா அது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இதைச் சொல்கிறவர்களில் பலர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள். அந்த நாட்டுப் பதிவேட்டில் அவர்கள் யார்? அவர்களும் வெளிநாட்டில் படித்த டாக்டர்தானே! அண்ணாமலைநகரில் படித்தவன் லண்டன் போனால் அங்கே 'ஃபாரின் கிராஜுவேட்'. பிஷ்கெக்கில் படித்தவன் சிதம்பரம் வந்தால் இங்கே 'ஃபாரின் கிராஜுவேட்'. காசு விஷயமும் அப்படித்தான். 1985-ல் தொடங்கிய நம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் பல காலம் கட்டணம் அரசுக் கல்லூரியைப் போலப் பல மடங்கு. 2020 டிசம்பரில் நம் தம்பி தங்கைகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2021-ல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அதுவரை கட்டணம் கட்டிப் படித்தவர்கள் எல்லோரும் மட்டமான டாக்டர்களா? இல்லை அல்லவா? அப்படியானால் அந்த அளவுகோலை அடுத்தவன் தலையிலும் வைக்க வேண்டாம்.

இந்தப் பிரச்சினை புதிது என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்தை லண்டன் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஏற்றுக்கொண்டிருந்தது. 1920-களில், "உங்கள் மாணவர்கள் போதுமான பிரசவம் பார்ப்பதில்லை" என்று அவர்கள் தகராறு ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், புத்தகப் படிப்பில் குறை சொல்லவில்லை, வார்டுப் பயிற்சியில்தான் குறை சொன்னார்கள். 1930-ல் இந்தியப் பட்டங்களுக்கு அங்கீகாரம் நின்றே போனது. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1933-ன் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம். வெளியே நம்மை நிறுத்திக் கேள்வி கேட்டதால் உண்டான அமைப்புத்தான், பிற்பாடு உள்ளே வருகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. 1975-ல் இங்கிலாந்து மறுபடியும் நம் பட்டங்களின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு போனவர்கள் பெரும்பாலும் தேர்வு எழுதித்தான் நுழைய வேண்டியிருந்தது. அதுதான் பிற்பாடு 'பிளாப்' என்று பெயர் பெற்றது.

பிளாப் எழுதிய தலைமுறை இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்றால் போதும், சிரிக்கிறீர்கள். ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஒரே அறையில் மூன்று மெத்தை, எல்லோரும் தமிழும் மலையாளமும் தெலுங்கும் பேசுகிற டாக்டர்கள். தேர்வில் தேறினாலும் வேலை வரும்வரை சம்பளமில்லாமல் ஏதாவது ஒரு வார்டில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்கு 'கிளினிக்கல் அட்டாச்மென்ட்' என்று கௌரவமான பெயர். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் பொங்கல் கிடைக்கும் என்பது அந்தக் காலத்து முக்கியமான மருத்துவத் தகவல்!

அங்கே வேலை கிடைத்த முதல் வாரத்தில் ஒரு பாட்டியம்மா என்னிடம், "டாக்டர், ஒரு பென்னி செலவழிக்கணும்" என்றார். கடைக்குப் போகிறார் போலிருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே பெட்பேனை எடுத்துவந்து விட்டார். சிறுநீர் கழிக்கணும் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் அப்படிச் சொல்வார்களாம். எந்தத் தேர்விலும் இதைக் கேட்கவில்லை. கெட்ட செய்தியைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது, நோயாளி "வேண்டாம்" என்றால் எங்கே நிறுத்துவது, குடும்ப டாக்டருக்குக் கடிதம் எப்படி எழுதுவது, இவற்றை எல்லாம் சொல்லிக் கொடுத்தது எனக்கு மேலே இருந்த ஒரு ரெஜிஸ்ட்ரார். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருவார். பிளாப் என்னை உள்ளே விட்டது. டாக்டராக்கியது அவர்தான். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

சரி, நம் நாட்டு ஏற்பாட்டுக்கு வருவோம். 1990-களில் சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்யாவிலிருந்து திரும்பிய டாக்டர்கள் பதிவு கிடைக்காமல் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டே வடிகட்டித் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதுதான் எஃப்.எம்.ஜி.இ. ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. 300 கேள்விகள், 150 வாங்கினால் தேர்ச்சி, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. சொல்லக் கேட்டால் சுலபம். ஆனால் பல தேர்வுகளில் ஐந்தில் ஒருவர் அளவில்தான் தேறியிருக்கிறார்கள். தேறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, அதன்பின் ஓர் ஆண்டு ஹவுஸ் சர்ஜன் வேலை, அது முடிந்தபின் நிரந்தரப் பதிவு. வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கவே நீட் தேர்ச்சி வேண்டும் என்பது 2018-லிருந்து.

2021 நவம்பர் 18-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சேருகிறவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், ஒரே கல்லூரியில். அங்கேயே 12 மாதம் இன்டர்ன்ஷிப். திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமகனைப் போல டாக்டராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் வேண்டும். எல்லாம் பத்து ஆண்டுக்குள் முடிய வேண்டும். விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்படுவது யார் தெரியுமா? விதியைப் படிக்காமல் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவன். பிலிப்பைன்ஸ் விஷயத்தைப் பாருங்கள். அங்கே முதலில் 'பி.எஸ்.' என்று ஒரு முன்படிப்பு, பிறகு நான்கு ஆண்டு எம்.டி. முன்படிப்பை மருத்துவப் படிப்பில் சேர்க்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. மீதி 48 மாதம். 54 எங்கே, 48 எங்கே? ஆறு மாதக் கணக்கில் ஒரு குடும்பத்தின் நிலம் போய்விட்டது.

அடுத்து நேர்ந்ததற்கு விதியைக் குறை சொல்ல முடியாது. 'விதி'யைத்தான் சொல்ல வேண்டும். 2020-ல் கொரோனாவில் சீனாவிலிருந்து வந்தவர்கள் 2022 ஆகஸ்ட் கடைசி வரை திரும்பிப் போக முடியவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். தமிழக மாணவர்கள் மட்டும் 1,800-க்கு மேல் திரும்பி வந்தார்கள். செல்போனில் பாடம் கேட்டு டாக்டராக முடியுமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. 2022 ஜூலையில் ஆணையம் ஒரு வழி சொன்னது. கடைசி ஆண்டில் திரும்பி வந்து, அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் படிப்பு முடித்த சான்று பெற்றவர்கள் எஃப்.எம்.ஜி.இ. எழுதலாம், ஆனால் ஹவுஸ் சர்ஜன் வேலை ஓர் ஆண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டு பார்க்க வேண்டும். விட்டுப்போன வார்டை வார்டிலேயே ஈடுகட்டு என்று பொருள். யோசனை சரியானது. அந்த இரண்டு ஆண்டில் நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவழியில் விதி மாறினால் எப்படி இருக்கும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாததா? 2006 ஏப்ரலில் இங்கிலாந்து அரசு, விசா வேறு, பயிற்சி வேறு என்றிருந்த ஏற்பாட்டை ஒரே நாளில் மாற்றியது. பிளாப் முடித்து வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான இந்திய டாக்டர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டு, 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை வரை போய் ஓரளவு நியாயம் பெற்றது. அதற்குள் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று நமக்காக எத்தனை பேர் சந்தா கொடுத்தோம், எத்தனை கூட்டம் போட்டோம்! இங்கே உக்ரைனிலிருந்து வந்த பிள்ளை கையில் பெட்டியோடு நின்றபோது நம் சங்கத்தில் ஒரு தீர்மானமாவது போட்டோமா? கேட்டுவைக்கிறேன், பதில் வேண்டாம்.

இப்போது வார்டுக்கு வருவோம். வடிகட்டித் தேர்வே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தேர்வு இருக்க வேண்டும், அதன் தரமும் குறையக்கூடாது. எதிரே படுத்திருப்பவர் நம் தாயாராக இருக்கலாம். ஆனால் தேர்வால் எதைச் சோதிக்க முடியும், எதை முடியாது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

நம் பகுதி நோய்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு, அறுப்பு நேரத்தில் நம் காஷுவாலிட்டிக்குப் பாம்புக்கடி வராத நாள் குறைவு. விடியற்காலையில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். வயிற்றுவலி, வாந்தி. கடித்த தடம் ஒன்றும் தெரியவில்லை. கண் இமை மெல்லச் சரிகிறது. நம் வார்டில் ஒரு மாதம் நின்றவனுக்குக் கட்டுவிரியன் என்று உடனே பொறி தட்டும். பிஷ்கெக்கிலோ திபிலீசியிலோ கட்டுவிரியன் ஏது? கண்ணாடி விரியன் என்றால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மில்லி இரத்தம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய், ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம், பிறகு சாய்த்துப் பார்ப்பது. இதற்கு லேப் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் விடை தப்பாகும். இந்தக் கடைசி வாக்கியம் பாதிப்பேருக்குப் பக்கத்தில் நின்ற சீனியர் சொல்லித்தான் தெரிந்திருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நம் மண்ணின் மருத்துவம் என்றால் இதுதான்.

இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ். அது எந்தக் கிருமி, என்ன மருந்து என்று தேர்வில் கேட்கலாம்; பையனும் டாக்சிசைக்ளின் என்று சரியாகக் கோடு போடுவான். ஆனால் சிகரெட்டால் சுட்டது போன்ற அந்தக் கறுப்புப் புண் எங்கே இருக்கும்? அக்குளில், மார்பின் அடியில், இடுப்பில் புடவைக் கொசுவம் இறுகும் இடத்தில், தொடை இடுக்கில். ஐந்து நாள் காய்ச்சலோடு வந்திருக்கும் ஐம்பது வயது அம்மாளிடம், நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, ஒரு தடவை பார்த்துடறேன், பயப்படாதீங்க" என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தேடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். சில ரூபாய் மாத்திரையில் பிழைத்து எழுந்துபோக வேண்டிய உயிர், அந்தப் புண்ணைத் தேடாததால் வென்டிலேட்டருக்குப் போகும். 300 கேள்வியில் எந்தக் கேள்வி அந்தத் திரைச்சீலையை இழுத்துவிடும்?

வெளிநாட்டில் படித்த பிள்ளையின் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது, நோயாளி ரஷ்ய மொழியில் பேசினார், பையன் இரண்டுக்கும் நடுவில் நின்றான். கட்டிலைச் சுற்றி நின்றானே தவிர நோயாளியோடு பேசவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். அவன் இங்கே வந்து நின்றவுடன் மொழி அவனுடையது. "நெஞ்சைக் கரிக்குது", "மாரை அடைக்குது", "கிறுகிறுன்னு வருது", "வயித்தைப் பிசையுது" என்று சொன்னால் ஒவ்வொன்றும் வேறு என்று புவனகிரியில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆறு வருஷம் பூட்டிக்கிடந்த காது அது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் ஆறே மாதத்தில் நம் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிடுகிறான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய தென்னார்க்காட்டிலேயே ஒரு கதை உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையாரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டது, கிடைக்காமல் மூன்று தாய்மார்களும் இறந்தது, எல்லாம் நம் திண்டிவனத்தில் நடந்தது. அவர் அமெரிக்கா போய் 1899-ல் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கி 1900-ல் திரும்பினார். அப்பாவும் டாக்டர், அவரிடம் கூட இருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வந்த சில மாதத்தில் அப்பா இறந்துபோனார். வெளிநாட்டுப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு ஆள் இல்லாமல், தன்னந்தனியாக ஆரம்பித்தார். ஜனங்களும் முதலில் வரத் தயங்கினார்கள். அன்று மருத்துவப் பதிவேடே கிடையாது. சென்னை மாகாணத்தில் பதிவுச் சட்டம் வந்தது 1914-ல்தான். பிற்காலத்தில் அவர் வேலூரில் ஒரு கல்லூரியையே கட்டினார். ஆனால் எல்லோரும் ஐடா ஸ்கடர் ஆக முடியாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள். அவர்களுக்கு மேலே ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாம்தான். நாம் என்ன செய்கிறோம்? ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ரவுண்ட்ஸ் பார்த்தேன். உள்ளூர் ஹவுஸ் சர்ஜன்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், கேள்வி பதில் நடக்கிறது. வெளிநாட்டில் படித்த இரண்டு பேர் மூலையில் டியூபில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "அவங்க எஃப்.எம்.ஜி. சார்" என்றார் யூனிட் உதவிப் பேராசிரியர், என்னமோ வியாதியின் பெயரைச் சொல்வது போல. இரத்தம் எடு, லேப்புக்கு ஓடு, ரிப்போர்ட் ஒட்டு. இரண்டு ஆண்டு இரத்தம் எடுத்தவன் நன்றாக இரத்தம் எடுப்பான். அதற்கு மேல் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? பன்னிரண்டு மாதத்தில் 12 வாரம் சமுதாய மருத்துவம், கிராம நிலையம் என்று விதி இருக்கிறது. அந்த 12 வாரமும் கையெழுத்தோடு முடிந்துவிட்டால், நாம் வடிகட்டித் தேர்வுக்கு மேலே இன்னொரு பொய்த் தேர்வு வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இடமும் குறைவு. ஒரு கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 7.5 சதவீதம் வரை வெளிநாட்டில் படித்தவர்களைக் கூடுதலாக ஹவுஸ் சர்ஜனாக எடுக்கலாம் என்று 2022-ல் ஆணையம் சொன்னது. 150 இடமுள்ள கல்லூரி என்றால் பதினொரு பேர். பதினொரு பேருக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் பெரிய பாரமா? ஒரு யூனிட்டுக்கு ஒருவர்கூட முழுசாக வராது.

இப்போது நர்சிங் ஹோம் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். தேர்வில் தேறாத பிள்ளைகளை இரவு டியூட்டிக்குக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்கிற வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும், பேருக்கு முன்னால் டாக்டர் என்று வார்டு பாய் கூப்பிடுவார், பதிவு எண் மட்டும் இருக்காது. "பாவம், அவனுக்கும் ஒரு வழி" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அது அவனுக்கு வழியில்லை, குழி. பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓர் ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இரவு முழுக்க டியூட்டி பார்த்தவன் பகலில் எப்போது படிப்பான்? மூன்று வருஷம் உங்களிடம் இருந்தால் மூன்று வருஷம் அவன் தேறமாட்டான். உங்களுக்கு அது சௌகரியம், அவனுக்கு அதுவே வாழ்க்கை ஆகிவிடும். நடுராத்திரியில் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதை நான் இந்தச் சபையில் விளக்கத் தேவையில்லை.

தம்பி தங்கைகளே, நீங்கள் வெளியே போக நினைப்பதில் தப்பில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு நம் ஆணையத்துக்குப் பத்து ஆண்டு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. அமெரிக்கக் கதவுக்கு அது உதவும். அங்கே ஸ்டெப் ஒன்று 2022 ஜனவரியிலிருந்து வெறும் தேர்ச்சி, தோல்விதான். மதிப்பெண் எல்லாம் இரண்டாவது ஸ்டெப்பில். இங்கிலாந்து போக ஆங்கிலத் தேர்வு, பிளாப் முதல் பகுதி, பிறகு மான்செஸ்டரில் இரண்டாம் பகுதி. ஆனால் பயிற்சி இடங்களில் தன் நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அந்த அரசு 2025-ல் அறிவித்திருக்கிறது. 2006-ஐப் பார்த்தவன் சொல்கிறேன், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த நாட்டுக் கவுன்சில் அறிவிப்பை நீங்களே படியுங்கள். கோச்சிங் சென்டர் சொன்னதைக் கேட்காதீர்கள்.

அதே புத்திமதியை ஊரில் உள்ள தகப்பனாருக்கு யார் சொல்வது? மே, ஜூன் மாதத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் நான்கு வீதியிலும் ஏஜென்ட் பேனர் தொங்கும்போது, பக்கத்தில் நம் சங்கத்தின் ஒரு மேஜை இருக்கட்டும். கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். படிப்பு 54 மாதமா? இன்டர்ன்ஷிப் அதே நாட்டில் உண்டா? அந்த நாட்டில் நம் பிள்ளைக்குப் பதிவு கொடுப்பார்களா, எழுத்தில் காட்டுவார்களா? கடைசிக் கேள்வி பெரிது: ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார் என்று தெரிந்துதான் இந்த நிலத்தை விற்கிறீர்களா? தெரிந்து விற்றால் அது அவர் விருப்பம். தெரியாமல் விற்றால் பக்கத்துத் தெருவில் இருந்த நமக்கும் பங்குண்டு.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலோர வகுப்பு. கல்லூரி அனுமதி பெற்று, திரும்பி வந்த பிள்ளைகளுக்கு. தேர்வுக்குப் படிப்பவர், ஹவுஸ் சர்ஜன் இருவரும் வரலாம். கேள்வித்தாள் பயிற்சிக்கு ஆன்லைனில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் ஒரு நோயாளியைக் காட்டி, தொட்டுப் பார்க்க வைத்து, தமிழில் விசாரிக்க வைக்கலாம். கடலூரில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் ஒப்புக்கொண்டால் நான்கு பேரில் ஒரு மாதம் ஓடிவிடும். பொது மருத்துவத்துக்கு நான் முதல் ஞாயிறு எழுதிவிட்டேன். அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம் மூன்று கட்டமும் காலியாக இருக்கிறது. நோட்டு வாசலில் பதிவு மேஜையில், சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் தம்பியிடம் இருக்கிறது. டோக்கன் வாங்கும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.